தனத்தின் பெயரில் படுத்திருந்த மேரி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் கேட்பதுதான். விண்ணப்பம் எப்படிப் போடுவது, வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் பாதி அடுத்த வருடமே மாறிவிடும். மீதியை நீங்கள் போனில் பார்த்துக்கொள்வீர்கள். அதனால் அதை விட்டுவிட்டு ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதைவிட, எதை எந்த வரிசையில் செய்தேன் என்று கவனித்துப் படியுங்கள்.

ராயபுரத்தில் தேவாலயத்தை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் இலவச கிளினிக் நடந்தது. ஒரு பக்கம் டாக்டர் அறை, மறுபக்கம் மருந்து கொடுக்கும் ஜன்னல். நடுவில் என் மேசை. டாக்டர் மாத்திரை எழுதி அனுப்பினால் நோயாளி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். "இதுக்கு ஆபரேஷன்தான்" என்று சொல்லி அனுப்பினால் முகம் தொங்கிப்போய் என் எதிரே வந்து உட்காருவார். எந்தக் காப்பீடும் இல்லாத ஆளுக்கு எந்த வழியில் காப்பீடு கிடைக்கும் என்று தேடிப் பிடிப்பது என் வேலை. எண்ணூர் பக்கம் ஃபேக்டரியில் இருப்பவர் என்றால் ஈ.எஸ்.ஐ. மற்றவர்களுக்கு அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டம். இரண்டுமே கைகூடவில்லை என்றால் நேராகப் பெரியாஸ்பத்திரி. ஏரியாவில் எனக்குப் பெயர் 'கார்டு அக்கா'. சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மேரியும் தனமும் காசிமேட்டில் ஒரு சந்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

தனத்தின் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் வீட்டோடு இருந்தார். வாரம் இரண்டு முறை திருவொற்றியூரில் ஒரு சென்டரில் டயாலிசிஸ் நடக்கும். காப்பீட்டு அட்டை இருந்ததால் அவர்களுக்கு அதில் கைக்காசு போகவில்லை. அந்த அட்டையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அது இல்லையென்றால் அந்த மனிதர் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

மேரி இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவள். புருஷன் எண்ணூரில் வேறு ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு இவளை விட்டுப் போய் வெகுநாளாகிறது. போகும்போது ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் பெயர் அந்தக் கார்டில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கவேண்டும் என்றால் ஓடிபி அவன் போனுக்குத்தான் வரும். அவன் போனை எடுக்கமாட்டான். புருஷன் விட்டுப்போன பெண்ணுக்கு விசாரித்துத் தனி அட்டை கொடுக்க ஒரு வழி இருந்தது. அதில் மனு போட்டுவிட்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நான் நடையாய் நடந்துகொண்டிருந்தேன். ரேஷன் கார்டு வந்தால்தான் காப்பீட்டு அட்டை. அதற்குள் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கே படுத்தால் துணைக்கு ஒரு ஆள் இருக்கவேண்டும், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று காலையில் கிளினிக் திறந்து டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. தனம் வந்து மருந்து ஜன்னலில் நின்றாள். எனக்கு உறுத்தியது.

"இன்னா தனம், போன வாரந்தானே சுகர் மாத்திர வாங்கினு போன?"

"ஆமாங்க்கா. அத்த மேரி எடுத்துக்கினு போயிக்கிறா."

"மேரிக்கு ஏதும்மா சுகரு?"

"அவளுக்கு இல்ல, எனக்குத்தான கீது. அவ எம் பேர்லல்ல போய் ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறா! அதான், மாத்திரையும் கையில இருக்கட்டும்னு குடுத்தனுப்சேன்."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். முந்தாநாள் மேரி வலியில் துடித்திருக்கிறாள். தனம் தன் காப்பீட்டு அட்டையையும் ஆதாரையும் எடுத்துக் கொடுத்து, வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மேரியைத் 'தனம்' என்று சேர்த்துவிட்டு வந்திருக்கிறாள். அட்டையில் இருந்தது என்றைக்கோ எடுத்த குடும்பப் படம். ஆதார் படத்தை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு பேருக்கும் வயது ஒன்று, நிறம் ஒன்று. அங்கே யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அப்ரூவலும் வந்துவிட்டது.

"எப்போ ஆபரேஷன்?"

"இன்னிக்கித்தாங்க்கா. காலைல மொத ஆளா இட்டுனு போறன்னு சொன்னாங்களாம்."

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நான் கத்தவில்லை. கத்தவேண்டும்போலத்தான் இருந்தது. கத்தியிருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். நம்மிடம் வந்து தப்பைச் சொல்கிறவர்கள் முக்கால்வாசி நேரம் அது தப்பு என்று தெரியாமல்தான் சொல்கிறார்கள். முழுதாகச் சொல்லி முடிக்கிறவரைக்கும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தனத்தின் கணக்கில் அது தப்பே கிடையாது. அந்தச் சந்தில் கேஸ் தீர்ந்தால் பக்கத்து வீட்டு சிலிண்டர் வரும். கைரேகை வைக்கிற வழக்கம் வருவதற்கு முன்னால், சர்க்கரை வேண்டாத வீட்டின் ரேஷன் கார்டை வேண்டியவள் எடுத்துக்கொண்டு போவாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நாலு வீட்டுச் சங்கிலி ஒரு கழுத்தில் ஏறும். யாரும் திருப்பிக் கேட்கவேண்டியதில்லை, தானாக வந்துவிடும். காப்பீட்டு அட்டையும் அவளுக்கு அதில் ஒன்று.

நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. மேரிக்கு ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாது. எங்கள் கிளினிக்கிலேயே ஒருமுறை, சும்மா டெஸ்டுக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்ததற்கே மூச்சு முட்டிச் சுருண்டு விழுந்தாள். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து அவளைப் பிழைக்க வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் வழக்கமாகப் போடுகிற ஊசிகளில் அதுவும் ஒன்று.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ரிசப்ஷனில் ஒரு பெண் எடுத்தாள். பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருக்கும் மேரியைப் பற்றி அவசரமாகப் பேசவேண்டும் என்றேன்.

"மேரின்னு யாரும் இங்க அட்மிட் ஆகலீங்களே மேடம்."

அதற்கு மேல் போனில் என்ன சொல்வது? அந்தப் பெண்ணிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தால், அது முதலில் போய்ச் சேருகிற இடம் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசைதான். ஆள்மாறாட்டம் என்று எழுதி அட்டையை முடக்குவார்கள். நாளைக்குத் தனத்தின் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். சும்மா இருந்துவிட்டால் மேரி ஆபரேஷன் மேசையிலேயே போனாலும் போகலாம். ஒரு சுவரின் இந்தப் பக்கம் ஓர் உயிர், அந்தப் பக்கம் ஓர் உயிர். நான் போனை வைத்துவிட்டுத் தனத்தை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோவில்தான் அவளுக்கு மெதுவாகச் சொன்னேன். ஊசி விஷயம் அவளுக்குத் தெரியாது. மேரி சொன்னதில்லையாம்.

"தனம், அங்க அவளுக்கு ஏதாவது ஆச்சின்னு வச்சிக்கோ. செத்தது யாருன்னு எழுதுவாங்க?"

"எம் பேரையா?"

"உன் பேரைத்தான். நீ செத்துட்டதா சர்ட்டிபிகேட் வரும். அவ உசுரோடயும் இருக்கமாட்டா, செத்ததாவும் எழுத்துல இருக்காது."

"ஐயோ, யக்கா..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அவ பாட்டுக்கு செவுத்தாண்ட நின்னு அழுதுகினு இருந்தா. என் வூட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நாள்ல நான் வர லேட்டாவும்னு அவதான் ஒல வச்சி எறக்குவா. நான் கார்ட பீரோல பூட்டி வச்சிக்கினு சும்மா இருக்கச் சொல்றியா?" என்றாள்.

ஆட்டோக்காரரைச் சீக்கிரம் போகச் சொன்னேன்.

பெண்கள் வார்டில் மேரி பச்சை அங்கி போட்டுத் தயாராகப் படுத்திருந்தாள். கட்டிலில் 'தனம்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். என்னைத் திடுக்கிட வைத்தது அவள் நெற்றி. இத்தனை வருடத்தில் நான் பொட்டு வைத்துப் பார்க்காத நெற்றியில் காலணா அளவு குங்குமம். கழுத்தில் எப்போதும் கிடக்கும் சிலுவைச் சங்கிலியைக் கழற்றித் தனத்திடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"மேரி" என்றேன்.

"ஷ்... அக்கா, இங்க நான் தனம்."

"ஊசி எதுனா ஒத்துக்காதான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"இல்லன்னு சொன்ட்டேன். தனத்துக்கு ஒத்துக்காத ஊசின்னு எதுவும் இல்லியேக்கா."

சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு கபடமும் இல்லை. இரவல் வாங்கின பாத்திரத்தை நசுங்காமல் திருப்பித் தருகிறவளைப்போல அவள் தனத்தின் பெயரை வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கும் தனத்தின் பிள்ளைகளைத்தான் சொல்லியிருக்கிறாள். சுகர் உண்டா என்றதற்கு உண்டு என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நல்ல கண்ட்ரோலில் வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டு வேறு. விடிகாலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றார்கள், இவளும் சாப்பிடவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரி தினமும் மாத்திரை போடமாட்டாயா என்று பேச்சுவாக்கில் கேட்டதும், சந்தேகம் வந்துவிடப் போகிறதே என்று தனத்தின் மாத்திரையை எடுத்து விழுங்கியிருக்கிறாள். சுகரே இல்லாத உடம்பு, வெறும் வயிறு. நடுக்கம் ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இனி வரிசை. சிஸ்டரிடம் போகவில்லை, காப்பீட்டு மேசைக்குப் போகவில்லை, மேனேஜரைத் தேடவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யார் என்று கேட்டேன். இளவயதுக்காரர் ஒருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு நிமிடம்தான் தருவார் என்று தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் கதை சொல்லக் கூடாது. நான் மூன்றே விஷயம் சொன்னேன். அந்தக் கட்டிலில் இருக்கிற பெண்ணுக்கு இன்ன ஊசி ஆகாது, எங்கள் கிளினிக்கில் டெஸ்ட் ஊசியிலேயே விழுந்தாள். அவளுக்குச் சுகர் கிடையாது. காலையில் சுகர் மாத்திரை போட்டிருக்கிறாள், இப்போதே ரத்தத்தைப் பாருங்கள்.

அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "இதுல எல்லாமே நேர்மாறா இருக்கேம்மா. நீங்க யாரு?"

சொன்னேன்.

"பேஷன்ட் நல்லா பேசுறாங்களே. இதை ஏன் அவங்களே சொல்லல?"

அதுதான் கேள்வி. மறந்துவிட்டாள், பயந்துவிட்டாள் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் நான் சொல்வதை நம்புவதா, அவர் கையில் இருக்கிற தாளை நம்புவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். யோசனை தப்பாக முடிந்தால் போச்சு. மேரியின் உடம்பைப் பற்றி மேரி சொன்னால்தான் அது செல்லும்.

"அவங்களையே வந்து கேளுங்க டாக்டர்" என்றேன்.

டாக்டரும் தனமும் நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். டாக்டர் கேட்டார். மேரி என்னைப் பார்க்கவில்லை. தனத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் யார் கார்டு போகும், அந்தக் கார்டில் யார் உயிர் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஒல வைத்து இறக்குகிறவள் அவள்தானே. உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வலி வேறு. இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்த வலியும் போய்விடும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

தனம் குனிந்து அவள் நெற்றியில் இருந்த குங்குமத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். "சொல்லுடி. எங்களுக்கு வர்றது வரட்டும். நீ போயிட்டா நான் யாராண்ட சண்ட போடுவேன்?" என்றாள்.

மேரி டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். "எம் பேரு மேரி சார். அந்த ஊசி எனக்கு ஆவாது. சுகரு எனக்கு இல்ல, இவளுக்குத்தான்."

டாக்டருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் அவர் முதலில் விரலில் குத்தி ரத்தம் பார்க்கச் சொன்னார். சுகர் கீழே போயிருந்தது. குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதும் அவளுக்கு நடுக்கம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் திட்டினார். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. திட்டட்டும் என்று நின்றேன்.

இப்போதுதான் நான் காப்பீட்டு மேசைக்குப் போனேன். அங்கே இருந்தவர் நடுவயதுக்காரர், பாவம், முகம் வெளுத்துப் போய்விட்டது. ஆளைச் சரிபார்த்து அனுப்பியது அவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படியே விட்டுடலாம்மா. ஊசிய மட்டும் மாத்தச் சொல்லிடுவோம். அப்ரூவல் வந்தாச்சு. அவங்களுக்கும் வலி தீரும். வெளிய யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. அந்த நிமிடத்தில் அது கருணைபோலவே தெரிந்தது. கட்டிலில் மேரி முனகுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கத்தி படாதவரைக்கும் இது தெரியாமல் செய்த தப்பு. பட்ட பிறகு குற்றம். அதோடு, தனத்தின் பித்தப்பையை எடுத்தாயிற்று என்று கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால், நாளைக்குத் தனத்துக்கே அந்த ஆபரேஷன் வேண்டி வரும்போது என்ன சொல்லி நிற்பாள்?

"வேணாம் சார். ஆள் மாறிச் சேர்ந்துட்டாங்க, சிகிச்சை நடக்கல, கிளெய்ம ரத்து பண்றோம்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க. உங்களுக்கும் அதான் நல்லது" என்றேன். அவர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்.

அங்கேயே நின்றுகொண்டு மாவட்டத்தில் திட்டத்தைப் பார்க்கிற அதிகாரிக்கும் போன் போட்டேன். அந்தத் தாள் அவரிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால் என் வாயால் அவர் கேட்கவேண்டும். ஒரு வரிகூட ஒளிக்காமல் சொன்னேன். உங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களையே இப்படிச் செய்ய விடுகிறீர்களே என்று காது கிழியத் திட்டினார். முடித்ததும், விசாரணை நடக்கும், அறிக்கை வரும்வரை அட்டையைத் திறந்துவிட முடியாது, ஆனால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்றார்.

நாளைய டயாலிசிஸ்? அதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தனம் ஆஸ்பத்திரிப் படியில் அப்படியே குந்திவிட்டாள்.

மறுநாள் அவள் வீட்டுக்காரரைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே காசும் வேண்டாம் கார்டும் வேண்டாம், இடம்தான் வேண்டும். கால் வீங்கி, மூச்சு வாங்க, காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். முறை வருமா வராதா என்று யாரும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அந்தப் பகலைப்போல நீளமான பகலை நான் பார்த்ததில்லை. இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மேரியைக் காப்பாற்றியதாக நான் வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாது. இருட்டத் தொடங்கும்போது உள்ளே கூப்பிட்டார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவர் என்னை முறைத்தார். சரி, வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று போய் நின்றேன்.

"எனக்குக் கோவம் இன்னா தெரியுமாம்மா? ரெண்டு பொம்பளைங்களும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க இல்ல?"

"தடுக்கறதா? எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுன்னு சொல்லிருப்பேன்! எனக்குத் தெரியாம எங்கார்ட குடுத்தா? அதான் பேஜாரு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அட்டை திரும்ப உயிர் பெறுகிறவரைக்கும் அவருக்கு அங்கேதான் நடந்தது. தனத்தைக் கூப்பிட்டு விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு, இனிமேல் இப்படி நடந்தால் அட்டையே போய்விடும் என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

மேரியையும் அதே பெரியாஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தோம். கூட இருக்க ஆள் இல்லை என்று பயந்தாளே, தனம் புருஷனை டயாலிசிஸுக்குக் கூட்டிவரும் நாளிலும் மற்ற நாளிலும் அங்கேயே கிடந்து மாடிக்கும் கீழுக்குமாக இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டாள். வார்டில் யார் பக்கத்தில் வந்தாலும் மேரி முதலில், "எம் பேரு மேரி, எனக்கு அந்த ஊசி ஆவாது" என்பாள். ரொட்டி கொண்டுவந்த ஆளிடமும் சொல்லியிருக்கிறாள். உள்வீக்கம் வடிந்த பிறகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள் என்று தனம் போனில் சொன்னபோது நான் கிளினிக்கில் இருந்தேன். அடுத்து உட்கார்ந்திருந்தவரை ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு டீ குடித்தேன்.

தனி ரேஷன் கார்டுக்கான விசாரணைக்கு அதிகாரி ஒரு வழியாகச் சந்துக்கு வந்தார். இவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லவேண்டும். தனம் முன்னால் வந்து, மேரியின் புருஷனைப் பற்றி அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். ரேஷன் கார்டு வந்தது. அதை வைத்து வருமானச் சான்றிதழ், அதை வைத்துக் காப்பீட்டு அட்டை. எல்லாம் முறைப்படி நடந்தது. மேரியின் பெயர், மேரியின் படம்.

அதைக் கொடுக்கிற அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, குடும்பம்னு போட்டுக்கீது. ஆள் ஒண்ணுதான கீது?"

"நீ மட்டுந்தானேம்மா."

"தனத்த இதுல சேக்க முடியாதா?"

புருஷன், பிள்ளைகள், சார்ந்திருக்கிற தாய் தகப்பன், இவர்களைத்தான் சேர்க்கலாம் என்று விளக்கினேன். தனத்துக்குத்தான் அவள் வீட்டு அட்டை இருக்கிறதே என்றும் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு அவ கார்டு மறுபடி நின்னு போச்சி, அவ வூட்டுக்காரருக்கு முடியாமப் போச்சின்னா, இத்த எடுத்துக் குடுக்கக் கூடாதா?"

"கூடாது மேரி."

"அவ வூட்டுக்காரர் உசுரையும் சேத்துத்தான அவ அன்னிக்கு எனக்குக் குடுத்தா?"

அவள் விரல்களை அட்டையின் மேல் மடக்கிவிட்டேன். அவள் அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "சரிக்கா, குடுக்க மாட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அழாதவள், அதைச் சொல்லும்போது அழுதாள்.

அட்டையை இரவல் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் தினமும் நாலு பேருக்குச் சொல்லவேண்டி வரும். கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள்.